ஊசி போடாத டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு வருகிற புகார்களில் பாதி ஒரே புகார்தான். "ஏம்மா, பாப்பா ஊசியே போட மாட்டேங்குதே?"

பாப்பா என்றதும் ஏதோ சின்னக் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். எம்.டி. படித்த டாக்டர். வயது நாற்பதைத் தொட்டாயிற்று. ஆறாவது படிக்கிற மகன் இருக்கிறான். ஆனால் சேலத்துக் கன்னங்குறிச்சியிலும் கோரிமேட்டிலும் அவரைப் பிறந்த வாரத்தில் பார்த்த கிழவிகள் இன்னும் உயிரோடு இருப்பதால், பாப்பா பாப்பாதான். அவருடைய அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் இன்னமும் சின்ன டாக்டர். தாத்தாதான் பெரிய டாக்டர். அவர் 1988-ல் காலமானார். அந்தப் பட்டத்துக்கு அதற்கப்புறம் ஆள் வரவில்லை.

அவர்கள் மூன்று தலைமுறை டாக்டர்கள். நாங்கள் மூன்று தலைமுறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம். என் தாத்தா கம்பவுண்டர், அப்பா பார்மசிஸ்ட், நான் டி.பார்ம். முடித்துவிட்டு 2000-லிருந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டூலை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம். நான் பிறந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான். பேறுகாலத்துக்கு அம்மாவிடம் காசு வாங்கவில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வாங்கியிருந்தால் அப்பாவின் சம்பளத்தைத்தான் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி இருப்பது அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில். 1951-ல் பெரிய டாக்டர் அங்கே ஏன் கட்டினார் என்றால், ஒன்று நிலம் மலிவு, இன்னொன்று ஏற்காடு பஸ் வாசலைத் தாண்டித்தான் போகும். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பாதி வழியில் வாந்தி எடுத்து, பச்சை முகத்தோடு வருகிறவர்கள் டவுன் வரைக்கும் போக வேண்டாம். இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மாடியும் சேர்த்து இருபது படுக்கை, அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் எம்.பி.பி.எஸ். கிடையாது, எல்.எம்.பி., அதாவது மருத்துவப் பள்ளியில் படிக்கிற டிப்ளமோ. 1930-களில் ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தவர். எம்.பி.பி.எஸ்.காரர்களுக்கு எல்.எம்.பி. என்றால் ஒரு மாற்றுக் குறைச்சல் தங்கம் மாதிரி. இரண்டு வகை டாக்டர்கள் வேண்டாம், ஒரே படிப்பு போதும் என்று 1946-லேயே சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான கமிட்டி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஆரம்பித்த எல்.எம்.பி. இவர். போர்டில் பட்டத்தைப் பெயரை விடப் பெரிதாக எழுதச் சொன்னாராம். அவர் பிடிவாதத்துக்கு அது ஒன்றே சாட்சி.

அந்தக் காலத்தில் மருந்து என்றால் மிக்சர். மாத்திரைப் பட்டை கிடையாது. நோயாளி பாட்டில் கொண்டுவர வேண்டும். என் தாத்தா அதைக் கழுவி, மிக்சர் ஊற்றி, ஒரு நீளக் காகிதத்தை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவி பாட்டில் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பல்லைப் பார்த்துக் குடித்துவிடுவார்கள். இப்போது நான் ஸ்டிரிப்பின் மேல் பேனாவால் "1 - 0 - 1" என்று எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் பேரன் வந்து படித்துச் சொல்கிற வரைக்கும் மாத்திரை காத்திருக்கிறது. எது முன்னேற்றம் என்று சில நாள் யோசனை வரும்.

நான்கு மிக்சர்கள்தான் பிரதானம். வயிற்றுக்குக் கார்மினேட்டிவ், நீர்க்கடுப்புக்கு ஆல்கலைன், இருமலுக்கு ஒன்று, ரத்தச்சோகைக்கு இரும்பு. கார்மினேட்டிவ் அழகான ரோஸ் நிறம். சோடா உப்பு, ஏலக்காய் டிங்சர், பெப்பர்மின்ட் தண்ணீர். நிறத்துக்குக் காரணம் ஏலக்காய் டிங்சரில் சேர்க்கிற கொச்சினீல், அதாவது ஒரு பூச்சியைக் காயவைத்து எடுத்த சாயம். சைவக்காரர்கள் எத்தனை பேர் அதைக் குடித்திருப்பார்கள்! தாத்தா கடைசி வரைக்கும் அந்த ரகசியத்தை வெளியே விடவில்லை.

டிங்சர் அலமாரிக்கு மட்டும் பூட்டு. சாவி தாத்தாவின் அரைஞாண் கயிற்றில். டிங்சர் என்றால் சாராயத்தில் ஊறவைத்த மருந்து. எங்கள் மாவட்டமோ மதுவிலக்கின் தாய்வீடு. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபரில் முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அதனால் இஞ்சி டிங்சருக்கு ஊரில் தனி மவுசு. வயிற்றுவலி என்று வாரத்துக்கு நான்கு நாள் வருகிறவர்களுக்குத் தாத்தா டிங்சர் சேர்க்காமல் வெறும் சோடா உப்புத் தண்ணீர் கொடுப்பாராம். அடுத்த நாள் வலி போயிருக்கும், ஆளும் வர மாட்டார். 1971-ல் கடைகள் திறந்ததும் அலமாரியின் மரியாதை போய்விட்டது. பூட்டு மட்டும் தொங்கியது.

இரும்பு மிக்சர் பெரும்பாலும் மலைக்குப் போகும். மாதம் இரண்டு தடவை பெரிய டாக்டர் ஜீப்பில் ஏறுவார், தாத்தா பின்னால் மருந்துப் பெட்டியோடு. நாகலூர், வெள்ளக்கடை பக்கமெல்லாம் போவார்கள். ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820-களில் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் வெறுங்காலோடு களை பறித்த பெண்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு. ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு கால் தோல் வழியாக உள்ளே போகும், குடலில் பிடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். கண் இமையைக் கீழே இழுத்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்குமாம். முதலில் புழுவுக்கு மருந்து, அப்புறம் இரும்பு. இரும்பு குடித்தால் பல் கறுக்கும், வெளிக்குப் போவதும் கறுப்பாகும். சொல்லாமல் கொடுத்துவிட்டால், "என்னமோ செய்வினை மருந்து கொடுத்துட்டாங்க" என்று பாட்டிலை ஓடையில் ஊற்றிவிடுவார்கள். அதனால் மருந்து கொடுக்கும் முன்னால் கறுப்புக் கதையைச் சொல்வதுதான் தாத்தாவின் வேலை. "கறுப்பாப் போனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார். பாதி உண்மை. காரியம் நடந்தது.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

ஜனங்களுக்கு ஊசி மேல் இருக்கிற நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காசநோய்க்காரர்களை முன்பெல்லாம் பெருந்துறை சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். போனவன் திரும்புவான் என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது. 1956-ல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி, சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று உலகத்துக்கே காட்டியது. பெரிய டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். நெசவாளிகள் தறிக்குப் போகும் முன் காலையில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். தினமும், மாதக்கணக்கில். கண்ணாடி சிரிஞ்சு கொதித்துக்கொண்டே இருக்கும். ஊசி முனை மழுங்கினால் தாத்தா சாணைக்கல்லில் தீட்டுவார். எலும்பும் தோலுமாக வந்தவன் ஆறு மாதத்தில் சதை போட்டு நடந்தால், தெரு முழுக்க என்ன நம்பும்? ஊசியைத்தான் நம்பும். போட்ட கைக்கு ராசி என்று சொல்லும்.

அந்தக் கைராசியைத்தான் சின்ன டாக்டர் வாரிசாக வாங்கினார். 1972-ல் அவர் வந்து உட்கார்ந்தபோது ஊசிக்கு என்றே தனி அறை. காய்ச்சலுக்கு ஊசி, அசதிக்குச் சிவப்பு நிறத்தில் சத்து ஊசி, மனக்கஷ்டத்துக்கும் அதே சத்து ஊசி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்த திமிரில், "இதெல்லாம் தேவையா சார்?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கவுண்டருக்குக் கீழே என் காலை மிதித்தார். சின்ன டாக்டர் கோபப்படவில்லை. "மூணு நாள்ல தானாப் போற காய்ச்சல்தான். ஆனா அவன் நாளைக்குத் தறிக்குப் போகணும். நான் போடலைன்னா அடுத்த தெருவுல போய் ஸ்டீராய்டு போட்டுக்குவான். அதுக்கு என் தண்ணி ஊசி மேல்" என்றார். இன்றைக்கு வரைக்கும் அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நடந்த பெரிய வைத்தியம் ஊசி அறையில் நடக்கவில்லை. மாடியில், பிரசவ வார்டில் நடந்தது. அதை நடத்தியவர் சின்ன டாக்டரின் மனைவி. எங்கள் எல்லோருக்கும் டாக்டரம்மா.

வேண்டாம் என்கிற பெண் குழந்தையை அரசாங்கத்திடமே விட்டுவிடலாம் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். அப்போது நாமக்கலும் எங்கள் மாவட்டத்துக்குள்தான். ஏன் இங்கே தொடங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளிப்பால் என்ற சொல் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே புழங்கியது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளி விட்டதும் மருந்து ஜன்னலில்தான் வீட்டுப்பாடம். மாடியில் ஆண் குழந்தை பிறந்தால் கீழே தெரிந்துவிடும், யாராவது ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தோடு இறங்குவார்கள். மூன்றாவதும் பெண் என்றால் மாடிப்படியில் காலடிச் சத்தம்கூடக் கேட்காது.

அப்படிப்பட்ட நாட்களில் டாக்டரம்மா ஒரு காரியம் செய்வார். தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு விட மாட்டார். "தொப்புள்கொடி இன்னும் விழலை, விழாம அனுப்ப மாட்டேன்" என்பார். கொடி விழ ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும். விழுந்த பிறகு, "எடை ஏறலை" என்பார். மாமியார் முணுமுணுப்பார், கணவன் பில்லைப் பற்றிக் கேட்பான். பில் கிடையாது. அப்பா நோட்டில் அதற்கென்று ஒரு குறி வைத்திருந்தார்: "டா.க." டாக்டரம்மா கணக்கு. மாதக் கடைசியில் அந்தத் தொகையை டாக்டரம்மா தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்வார்.

பத்து நாள் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னால் ஒருநாள் அவரே சொன்னார். பத்து நாள் தாய்ப்பால் குடித்துவிட்டால் குழந்தைக்கு முகம் வந்துவிடுமாம். அப்பனுடைய மூக்கு, பாட்டியுடைய மோவாய் என்று யாராவது சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். மோவாய் சொல்லிவிட்டால் அப்புறம் கை வராது என்றார். எல்லா வீட்டிலும் அது பலித்ததா? பலிக்கவில்லை என்பது அவர் பேச்சை நிறுத்திய விதத்தில் தெரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் ஸ்கேன் மெஷின் வாங்காமலேயே ரொம்ப வருடம் ஓட்டினார். வாங்கினால் என்ன கேட்டுக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். 1994-ல் சட்டம் வந்து, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று போர்டு மாட்டச் சொன்ன பிறகும் கேட்பார்கள். வாயால் கேட்க மாட்டார்கள். "சாமிக்கு வேண்டியிருக்கோம், மொட்டை போடவா, பூ முடிக்கவா?" என்று சுற்றி வளைப்பார்கள். "ரெண்டும் பண்ணுங்க" என்பார் டாக்டரம்மா.

2019-ல் பிரசவ வார்டை மூடினோம். மயக்க டாக்டர் கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைப்பதில்லை, ரத்தம் கைவசம் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையங்களே நன்றாகப் பார்க்கின்றன, அவசரம் என்றால் 108 வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. மூடியது சரிதான் என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் மூடிய அன்றைக்கு மாடி ஏறவில்லை.

இப்போது பாப்பா. 2015-ல் வந்தார். வந்த முதல் வாரமே ஊசி அறையை மூட்டு வலிக்காரர்களின் பயிற்சி அறையாக மாற்றினார். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் இல்லை. சத்து ஊசி இல்லை. அசதிக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது அறவே இல்லை. "நல்லா தண்ணி குடிங்க, கஞ்சி குடிங்க, மூணு நாள்ல விடலைன்னா வாங்க." இதுதான் பிரிஸ்கிரிப்ஷன். எழுதினால் பாராசிட்டமால், பத்து மாத்திரை.

அந்த மாதம் ஓ.பி., அதாவது வெளிநோயாளிகள் கூட்டம், பாதியாகக் குறைந்தது. வெளியே சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் சம்பளம் பெரும்பாலும் மருந்துக்கடை லாபத்திலிருந்துதான் போகும். பாப்பா எழுதாத ஒவ்வொரு மருந்தும் என் கணக்கில் விழுந்தது. நானே போய், "பாப்பா, இப்படிப் போனா தீபாவளிக்குப் போனஸ் இல்லை" என்றேன். நோயாளிகள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் பாப்பா. அவருக்கு நான் எப்போதும் அக்கா. அவர் என்னுடைய எச்1 ரிஜிஸ்டரை எடுத்து மேசையில் வைத்தார். 2014 மார்ச்சிலிருந்து குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மருந்தெல்லாம் யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு விற்றோம் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "இதுல எத்தனை பேருக்கு நிஜமாவே தேவைன்னு நீங்களே டிக் பண்ணுங்க அக்கா" என்றார். ஒரு பக்கம் டிக் பண்ணினேன். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

அதற்குப் பதிலாக அவர் பீஸை ஏற்றினார். அறுபதிலிருந்து நூற்றைம்பது. ஊர் கொதித்துவிட்டது. "ஊசியும் போடல, மருந்தும் எழுதல, பேசுனதுக்கு நூத்தம்பது ரூபாயா? உங்க தாத்தா ரெண்டு ரூபாய்க்கு பாட்டில் நெறைய மிக்சர் குடுத்தாரு!" சின்ன டாக்டரும் வீட்டில் இரண்டு மாதம் மகளிடம் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. அவர் நாற்பது வருடத்துக்கு மேல் போட்ட ஊசியை எல்லாம் மகள் ஊர் முன்னால் திரும்பி எடுப்பது மாதிரி இருந்திருக்கும். எனக்கு அவர் பக்கமும் புரிந்தது.

ஓ.பி. திரும்பி வந்தது, மெதுவாக. நோயாளிகள் கூடியதற்குக் காரணம் பாப்பாவின் கொள்கை என்று சொல்ல ஆசைதான். நிஜம் என்னவென்றால் சர்க்கரையும் பிரஷரும் கூடிவிட்டன. இரண்டுக்கும் ஊசி கேட்க முடியாது. இன்சுலின் என்றால் ஊசி வேண்டாம் என்று அழுகிறார்கள்.

போன ஐப்பசியில் நடந்ததோடு முடிக்கிறேன். ராத்திரி எட்டரை, நல்ல மழை. மலையடிவாரத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர். விறகுக் கட்டை எடுக்கும்போது காலில் ஏதோ கடித்துவிட்டது. பாம்பைப் பார்க்கவில்லை. கணுக்காலில் இரண்டு புள்ளி. கூட வந்த பாட்டி, "விஷ ஊசியைப் போடு, சீக்கிரம் போடு" என்று கத்துகிறார். எங்களிடம் விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி இருந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்குக்கும் ஒரே மருந்து. ஆனால் குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. தேவையில்லாமல் ஏற்றினால் ஒவ்வாமையில் ஆளே போகலாம்.

பாப்பா பையனின் கண் இமையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, கண்ணாடி டெஸ்ட் டியூப் இருக்கா? பிளாஸ்டிக் ஆகாது" என்றார். லேபில் எல்லாம் பிளாஸ்டிக். எனக்கு டிங்சர் அலமாரி ஞாபகம் வந்தது. தாத்தாவின் அளவு கிளாஸ்களுக்குப் பின்னால், பழைய சீலைத் துண்டில் சுற்றி ஆறு கண்ணாடிக் குழாய்கள். சோப்பு போட்டுக் கழுவியிருந்தால் சோதனை பொய்யாகிவிடும். தாத்தா சோப்பு போட மாட்டார், வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைப்பதுதான் அவர் பழக்கம்.

இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அந்தக் குழாயில் விட்டு மேசையில் நிமிர்த்தி வைத்தார். இருபது நிமிடம் ஆட்டக் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது.

இருபது நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏழெட்டுப் பேரும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் செல்போனில் யாரிடமோ, "இந்தம்மா சும்மா உக்காந்திருக்குது" என்கிறார். பாப்பா பையனிடம் எந்த ஸ்கூல், எத்தனாவது என்று கேட்டுக்கொண்டே அவன் கண் இமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து குடையோடு வந்தவர், வாசல்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பாப்பா குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது.

"இப்போதைக்கு விஷம் ஏறலை. நாளைக்கு ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், நடுநடுவுல மறுபடி பார்க்கணும்" என்றார்.

பாட்டிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஊசி?"

பாப்பா என்னிடம் திரும்பி, "அக்கா, ஒரு டி.டி. எடுங்க" என்றார். ரத்தம் உறைகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த டெட்டனஸ் தடுப்பூசியைப் போட வேண்டும், அதனால் அதுவரை போடவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன், அவரே போட்டார். பாட்டி பையனின் கையைத் தேய்த்துவிட்டபடி வாசலில் நின்ற சின்ன டாக்டரைப் பார்த்து, "போட்டுட்டாங்க சாமி, போட்டுட்டாங்க" என்றார்.